சூடானதும் நின்றுவிடும் பழைய மொரிஸ் மைனர்: கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான். அப்பா விட்டுப்போன 1960 மொரிஸ் மைனர். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கொழும்பில் காலி வீதி நெரிசலில் அரை மணித்தியாலம் ஊர்ந்ததும் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. இரண்டு கராஜில் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டியும் குணமில்லை. என்ஜினை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் நிற்பதும் அதே 948 சிசி என்ஜின்தான். இதே கோளாறோடு நான் எட்டு மாதம் அலைந்தேன். அதனால் உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

கராஜுக்குப் போய்ச் சேரும்போது கார் ஆறியிருக்கும். ஆறிய காரில் கோளாறும் இருக்காது. இல்லாத கோளாறை எந்த மெக்கானிக் பாஸாலும் பிடிக்க முடியாது, ஆகவே கண்ணுக்கு முன்னால் தெரியும் காபரேட்டரைக் கழற்றுகிறார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். கார் நிற்கிற அந்த இடத்தில், அந்தச் சூட்டில், நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: வராமல் போனது ஸ்பார்க்கா, பெற்றோலா?

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மருதானையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்த நானா (அண்ணன்) ஒருவர். "கை வைக்க முந்தி காதை வைங்க தம்பி" என்பார். நின்ற விதத்தையே முதலில் கேட்பார். திறப்பைத் திருப்பி அணைத்ததுபோல ஒரேயடியாக நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இருமி, இழுவை குறைந்து, இரண்டு தரம் குலுங்கி நின்றதா? அப்படியானால் பெற்றோல் பக்கம். இது நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பம்ப். மைனரில் பெற்றோலை இழுத்துத் தரும் எஸ்.யு. மின்சாரப் பம்ப் போனட்டுக்குள் பின்சுவரில்தான் இருக்கிறது. நின்றதும் திறப்பை மட்டும் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், காது கொடுங்கள். சில தரம் "டிக் டிக்" என்று அடித்து ஓய்ந்தால் காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் கிண்ணம் நிறைந்திருக்கிறது, நல்லது. ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லாமல், உடம்பில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் பம்பின் உள்ளே இருக்கும் பொயின்ட் (மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை) தேய்ந்துவிட்டது. டாங்கி மூடியையும் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் உங்கள் கார் மாதக் கணக்காக அசையாமல் நின்றதா? நின்றிருந்தால் டாங்கியின் அடியில் துரு சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, பெற்றோல் கொதிப்பது. இந்த என்ஜினில் காபரேட்டர் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்கு (புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதிக்கு) நேர் மேலே இருக்கிறது. காற்றோட்டமில்லாமல் ஊரும்போது அந்தச் சூடு முழுவதும் மேலே ஏறி, குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிவிடும். ஈரத் துணி ஒன்றைப் பம்பிலும் குழாயிலும் காபரேட்டர் கிண்ணத்திலும் சுற்றுங்கள். இரண்டொரு நிமிடத்தில் உயிர் வந்தால் அதுதான். காபரேட்டருக்குக் கீழே வெப்பத் தகடு போட்டு, குழாயைச் சூட்டிலிருந்து விலக்கி ஓடவிட்டால் தீரும்.

நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன், ஈரத் துணியோடுதான் திரிந்தேன். ஒருநாள் வெள்ளவத்தை சவோய் தியேட்டருக்கு முன்னால், பின்னேரம் ஐந்தரைக்கு, கார் நின்றது. பின்னால் பஸ்காரர் விடாமல் ஹோர்ன் அடிக்கிறார். இரண்டு பொடியன்கள் வந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். துணியைப் போட்டேன், அசையவில்லை. அப்போதுதான் நானா சொன்னதைச் செய்தேன். ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கொயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த வயரை மூடிப் பக்கம் கழற்றி, ரப்பர் பிடிபோட்ட குறட்டால் பிடித்து, என்ஜின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தூரத்தில் வைத்துக்கொண்டு, தம்பியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நீலமாக, "சடார்" என்ற சத்தத்தோடு பாய வேண்டிய ஸ்பார்க் மஞ்சளாக, நூல்போல, விட்டுவிட்டு வந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கோளாறு என் கண்ணுக்குத் தெரிந்தது. (இந்தச் சோதனையின்போது எந்த இடத்திலும் பெற்றோல் கசியக் கூடாது. குழாயைக் கழற்றிப் பார்ப்பதையும் ஸ்பார்க் பார்ப்பதையும் ஒன்றாகச் செய்யவே வேண்டாம்.)

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பொயின்ட் திறக்கும் இடத்தில் பளிச்சென்று தீப்பொறி. அதுதான் கண்டென்சர் செத்ததன் அடையாளம். பொயின்ட் திறக்கும் கணத்தில் பாய்ந்துவரும் மின்சாரத்தைக் கண்டென்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கொயிலின் காந்தப்புலம் சட்டென்று விழுந்து பலமான ஸ்பார்க் பிறக்கும். சூடானதும் அது தன் வேலையை விட்டுவிடுகிறது, ஆறியதும் திரும்பச் செய்கிறது. சூட்டில் இதே நாடகம் ஆடுவது கொயிலும்தான். ஆகவே கண்டென்சர் மாற்றியும் ஸ்பார்க் மஞ்சளாகவே இருந்தால் கொயிலைப் பாருங்கள்.

அடுத்த நாளே பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புதிய கண்டென்சர் வாங்கிப் போட்டேன். மூன்று கிழமை ஓடியது. அப்புறம் அதே இடம், அதே நோய். மனம் விட்டுப்போய் நானாவிடம் போனேன். அவர் ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்து, பழைய லூகாஸ் கண்டென்சர் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். இன்றும் அதுதான் ஓடுகிறது. இப்போது வரும் புதிய கண்டென்சர், ரோட்டர் (மூடிக்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் துண்டு) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கொயில் வயரில் நல்ல நீல ஸ்பார்க் வந்தும் பிளக்குகளுக்கு வரவில்லையென்றால் ரோட்டர் அல்லது மூடி. பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்து இறுக்கிய ரோட்டர்களில் அந்த ரிவெட் வழியாகவே ஸ்பார்க் தண்டுக்கு இறங்கிவிடுவதுண்டு.

கையோடு செய்யவேண்டிய சில வேலைகள். பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. நீங்களும் கடற்கரைப் பக்கம் இருப்பவரென்றால் எர்த் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பச்சைக் களிம்பைச் சுரண்டிவிடுங்கள். உப்புக் காற்று செய்யும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. இந்தக் கார் நேர்முனை எர்த்தோடு, அதாவது பட்டரியின் நேர்முனை கார் உடம்போடு இணைந்தபடி, வந்தது. யாராவது ஆல்டனேட்டர் போட்டு எதிர்முனைக்கு மாற்றியிருந்தால் கொயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்றியிருக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுவார்கள், ஸ்பார்க் பலவீனமாகும்.

என்ஜின் உள்ளே பழுதாகியிருக்குமோ என்ற பயம் இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். 2ஆம், 3ஆம் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இடையில் கேஸ்கட் எரிந்திருக்கும். ஆனால் அப்படியானால் கார் ஆறினாலும் நடுங்கும். உங்களுடையது அப்படி இல்லையே. வால்வு இடைவெளியை (ஆறியிருக்கும்போது 0.012 அங்குலம்) எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அது தானாகக் குறைந்துகொண்டே வந்தால் ஈயமில்லாத பெற்றோலில் வால்வு இருக்கை தேய்கிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றிக் கடின உலோக இருக்கை போட்டுக்கொள்ளலாம். அதற்கும் என்ஜினை மாற்றத் தேவையில்லை.

ஜப்பான் என்ஜின் போட்டு ஓடும் மைனர்கள் கொழும்பில் இருக்கின்றன, அவை ஓடத்தான் செய்கின்றன. ஆனால் அதற்கு மவுண்ட் வெட்ட வேண்டும், கியர்பொக்ஸ் மாற்ற வேண்டும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய என்ஜின் இலக்கத்தைப் பதிய வேண்டும். ஒரு கண்டென்சரின் விலையில் தீரக்கூடிய நோய்க்காக உங்கள் அப்பா கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தை இழக்காதீர்கள். எங்கள் அப்பா போன மாதம் முன்சீட்டில் இருந்துகொண்டு முன்னேசுவரம் வரை வந்தார். நீர்கொழும்பு நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்தோம், அணையவில்லை. நீங்கள் அடுத்த முறை நின்றதும் கொயில் வயரின் ஸ்பார்க் என்ன நிறம் என்று மட்டும் பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்வதென்று சொல்கிறேன்.