ஜெர்மனியை விட்டுப் புறப்படும்போது கைபேசி ஒப்பந்தம் என்ன ஆகும்?

கேள்வி: நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவள். 2024 அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வந்தேன். உள்ளூர் எண் இல்லாமல் எந்த வேலையும் நகரவில்லை என்ற அவசரத்தில், இரண்டாம் வாரமே ஒரு கடைக்குச் சென்று, புதுக் கைபேசியும் சேர்ந்த மாத ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டேன். தாள்கள் ஜெர்மன் மொழியில் இருந்தன. விற்பனையாளர் ஆங்கிலத்தில் பேசினார். 24 மாத ஒப்பந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. மாதம் 45 யூரோ என் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். அப்பாவின் உடல்நிலை காரணமாகப் படிப்பை நிறுத்திவிட்டு, வரும் செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறேன். நிறுவனத்திடம் தொலைபேசியில் சொன்னபோது, காலம் முடியும்வரை பணம் கட்டியே ஆக வேண்டும் என்றார்கள். படிக்கத் தெரியாத மொழியில் போட்ட கையெழுத்து செல்லுமா? கணக்கை மூடிவிட்டுப் போய்விடு என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். அறைத்தோழியோ சிம்மைத் தானே வைத்துக்கொண்டு பணம் கட்டுவதாகச் சொல்கிறாள். அடுத்து என் சித்தி மகன் இங்கே வரவிருக்கிறான்; அவன் இதில் சிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் தந்தையார் விரைவில் நலம்பெற வேண்டும். இந்த நேரத்தில் இந்தக் கவலையும் உங்கள் தலையில் ஏறியிருப்பது வருத்தத்துக்குரியது. ஆயினும், தொலைபேசியில் உங்களுக்குச் சொல்லப்பட்டது சட்டத்தின் முழு நிலை ஆகாது. நாட்டை விட்டுக் குடிபெயர்பவருக்கு ஜெர்மன் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. எழுத்து வடிவில், உரிய காலத்தில் கேட்பவருக்கே அது பயன்படும்.

முதலில் மொழி பற்றிய கேள்வி. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பதையோ, மொழி புரியவில்லை என்பதையோ ஜெர்மன் நீதிமன்றங்கள் பொதுவாக ஒப்பந்தத்தை ரத்து செய்யும் காரணமாக ஏற்பதில்லை. பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்திருந்தால், சிறிய எழுத்தில் அச்சிட்ட பொது நிபந்தனைகள் சிலவற்றை எதிர்த்து வாதிட இடமுண்டு. ஆனால் விலையும் காலமும் முதன்மை விதிகள் என்பதால் அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகும் உரிமையும் இணையம், தொலைபேசி, வீடு தேடி வரும் விற்பனை ஆகியவற்றுக்கே உரியது. கடைக்குள் நின்று போட்ட கையெழுத்துக்கு அது இல்லை. இன்னொன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். 2021 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, நுகர்வோர் ஒப்புதல் அளிப்பதற்கு முன்னரே விலை, காலம், விலகும் முறை ஆகியவை அடங்கிய ஒப்பந்தச் சுருக்கத்தை நிறுவனம் இலவசமாகத் தந்திருக்க வேண்டும். அத்தகைய தாளோ மின்னஞ்சலோ உங்களுக்கு வரவேயில்லை என்றால் எனக்குத் தெரிவியுங்கள். நம் பக்கம் கூடுதல் வலு சேரும்.

உங்களுக்கு உண்மையில் துணைநிற்பது அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு. நுகர்வோர் குடிபெயரும் புதிய வசிப்பிடத்தில் நிறுவனம் ஒப்பந்தப்படியான சேவையை வழங்கவில்லையென்றால், அவர் ஒரு மாத முன்னறிவிப்புடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும், வீட்டைக் காலிசெய்யும் நாளிலிருந்தோ அதற்குப் பிந்திய ஒரு நாளிலிருந்தோ அந்த முறிவு நடப்புக்கு வருமாறு அறிவிக்கலாம் என்றும் அது சொல்கிறது. கைபேசியை எங்கும் எடுத்துச் செல்லலாம், ரோமிங் வசதியும் உண்டு, ஆகவே இந்தப் பிரிவு வீட்டு இணைய இணைப்புக்கே பொருந்தும் என்று நிறுவனம் மறுக்கக்கூடும். ரோமிங் என்பது வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பில் தற்காலிகமாக இயங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உள்நாட்டுக் கட்டணத்திலேயே ரோமிங் தரும் விதி இந்தியாவுக்குப் பொருந்தாது. கோயம்புத்தூரில் நிரந்தரமாக வசிக்கப் போகும் ஒருவருக்கு டிரெஸ்டனில் வாங்கிய மாதத் திட்டத்தை அதே விலையில் வழங்க அந்த நிறுவனத்தால் இயலாது என்ற வாதம் பிரிவின் வாசகத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. வழக்காடித்தான் வெல்ல வேண்டும் என்ற நிலை வராமலே, முறையான ஆவணம் கிடைத்ததும் நிறுவனம் இணங்கிவிடுவதும் உண்டு.

அந்த ஆவணம்தான், வசிப்பிடப் பதிவை நீக்கியதற்காக நகராட்சி அலுவலகத்தில் பெறும் அப்மெல்டுங் சான்று. பதிவு நீக்கத்தை வீடு காலிசெய்வதற்கு ஒரு வாரம் முன்பு முதல், காலிசெய்த பின் இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். ஆக, சான்று கைக்கு வரும்வரை காத்திருந்தால் ஒரு மாத முன்னறிவிப்புக் காலம் கைநழுவிவிடும். முறிவுக் கடிதத்தை இப்போதே எழுதுங்கள். ஆகஸ்ட் 31க்கு முன்னால் அது நிறுவனத்தைச் சென்றடைய வேண்டும். விமானப் பயணச்சீட்டையும் பல்கலைக்கழகத்திலிருந்து விலகியதற்கான சான்றையும் இணைத்து, அப்மெல்டுங் சான்று பின்னர் அனுப்பப்படும் என்று குறிப்பிடுங்கள். மின்னஞ்சலே சட்டப்படி போதுமானதென்றாலும், பதிவுத் தபாலிலும் ஒரு பிரதியை அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 60ஆம் பிரிவின்படி செப்டம்பர் முடிவில் ஒப்பந்தத்தை முறிக்கிறேன் என்று எழுதிய கையோடு, அது ஏற்கப்படாவிட்டால் சட்டப்படி இயன்ற மிக முந்திய நாளில் முறிக்கிறேன் என்ற வரியையும் தவறாமல் சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், நிலைமை எவ்வளவு மோசமானாலும் உங்கள் பொறுப்பு 24 மாதத்தோடு நின்றுவிடும்.

கைபேசிக் கருவியின் கணக்கு தனி. அதைத் தவணையில் வாங்கியதாகத் தனி ஒப்பந்தம் இருந்தால், சேவை முறிந்தாலும் மீதித் தவணைகள் உங்களுடையவையே. ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருந்தால், கருவியை நீங்கள் வைத்துக்கொள்வதற்காக நிறுவனம் ஈட்டுத்தொகை கேட்கலாம். அது கருவியின் எஞ்சிய விகித மதிப்பையோ மீதமுள்ள சேவைக் கட்டணத்தையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மாதப் பற்றுச்சீட்டில் கருவிக்கென்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கை மூடிவிட்டுச் சொல்லாமல் போகும் யோசனையை நான் வன்மையாக எதிர்க்கிறேன். இது உரிமையியல் கடன். இதற்காக விமான நிலையத்தில் உங்களை யாரும் நிறுத்தப்போவதில்லை. ஆனால் பணம் எடுக்க முடியாமல் போனதும் வங்கிக் கட்டணம் ஏறும், நினைவூட்டல் கடிதங்கள் வரும், பிறகு இன்காசோ எனப்படும் கடன் வசூல் நிறுவனம் தன் செலவையும் சேர்த்துக் கேட்கும். கடைசியில் நீதிமன்றத்தின் மான்பெஷைட் எனும் பணக்கோரிக்கை ஆணை மஞ்சள் உறையில் பழைய முகவரியின் அஞ்சல் பெட்டிக்குள் விழும். நீதிமன்றம் இந்த ஆணையை வழங்குமுன் கடன் உண்மையா என்று ஆராய்வதில்லை. அதனால்தான் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு வாரம் தரப்படுகிறது. அந்த இரண்டு வாரத்தில் யாரும் பெட்டியைத் திறக்காவிட்டால், அடுத்து வரும் நிறைவேற்று ஆணை 30 ஆண்டுகள் உயிரோடிருக்கும். நான் அங்கே குடியில்லை, ஆணை என்னிடம் சேரவில்லை என்று கோயம்புத்தூரிலிருந்து நிரூபிப்பது பெரும் அலைச்சல். நாளை மேற்படிப்புக்கோ வேலைக்கோ திரும்பி வந்தால், ஷூஃபா எனும் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவு வீடு வாடகைக்கு எடுக்கும்போது குறுக்கே நிற்கும். மாறாக, கடனை எழுத்து மூலம் மறுத்துவிட்டால், நீதிமன்ற ஆணையால் உறுதியாகாத வரையில் அதைத் திருப்பிச் செலுத்தாத கடனாக ஷூஃபாவுக்கு அனுப்பக் கூடாது. முறிவு நடப்புக்கு வந்த பிறகும் பணம் எடுத்தால், எட்டு வாரத்துக்குள் வங்கியிடம் சொல்லி அதைத் திரும்பப் பெறலாம்.

அறைத்தோழியின் எண்ணம் நல்லதுதான், இருந்தும் ஏற்காதீர்கள். இங்கே ஒவ்வொரு சிம்மும் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அப்பதிவைப் பாதுகாப்பு அமைப்புகள், தொலைத்தொடர்புத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கூட்டாட்சி வலையமைப்பு ஆணையத்தின் வழியாகக் கேட்டுப் பெற முடியும். அந்த எண்ணிலிருந்து நடப்பது எதுவானாலும் விசாரணை முதலில் உங்கள் பெயரைத் தேடியே வரும். அவள் ஒரு மாதம் பணம் கட்டத் தவறினாலும் கடன் உங்களுடையதே. விரும்பினால் நிறுவனத்தின் ஒப்புதலுடன் ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். உங்களுக்குச் செலவில்லாமல் முடிகிற நேர்மையான வழிகளில் அதுவும் ஒன்று.

எண்ணை உடனே இழந்துவிடவும் கூடாது. வீட்டு முன்பணம் திரும்பி வருவதற்கும் வங்கிக் கணக்கை மூடுவதற்கும் அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி தேவைப்படலாம். அதே எண்ணை ஒரு ப்ரீபெய்டு சிம்முக்கு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமையுண்டு. ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம் வரையிலும் இதைக் கேட்கலாம், இதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது.

உங்கள் சித்தி மகன் வந்த முதல் மாதங்களுக்கு ப்ரீபெய்டு சிம் போதும். 2017 ஜூலை 1 முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால், அசல் கடவுச்சீட்டையும் தங்கும் முகவரியையும் கொண்டு செல்ல வேண்டும். கைபேசியை ஊரிலிருந்தே எடுத்து வரட்டும். பின்னர் மாத ஒப்பந்தம் வேண்டுமென்றால், 12 மாதத்துக்கு மேற்படாத திட்டம் ஒன்றையும் நிறுவனம் முன்வைத்தாக வேண்டும் என்பதை அறிந்து, அதைத் தானே கேட்டுப் பெற வேண்டும். கேட்காமல் எடுத்துக் காட்டுவார்கள் என்று நம்ப வேண்டாம். அந்த முதல் காலம் முடிந்து ஒப்பந்தம் தானாக நீண்டால், எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம்.

நிறுவனம் உங்கள் கடிதத்தை மறுத்தால், பான் நகரில் உள்ள கூட்டாட்சி வலையமைப்பு ஆணையத்தின் சமரசப் பிரிவில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். நீங்கள் மாணவி என்பதால், வருமானம் குறைந்தோருக்கான ஆலோசனை உதவிச் சான்றை டிரெஸ்டன் மாவட்ட நீதிமன்றத்தில் பெற்றுக்கொண்டால், வழக்கறிஞருக்கு நீங்கள் தர வேண்டியது 15 யூரோ மட்டுமே. ஊருக்குக் கிளம்பும் முன்பே அந்தச் சான்றை வாங்கிவிடுங்கள். கோயம்புத்தூர் முகவரியையும் மின்னஞ்சலையும் முறிவுக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், பதில் உங்களைத் தேடி வரும்.