வெண்புள்ளி ஏன் அதே எடத்துல திரும்ப வருது

அண்ணே, அம்மா மணிக்கட்டுல மறைஞ்ச வெண்புள்ளி, களிம்ப நிறுத்துனதும் அதே எடத்துல திரும்பிருச்சுன்னு கேட்டிருந்தீங்க, அது மருந்து போலின்னு அர்த்தமில்ல. தோலுக்குள்ள சிடி8 டி செல்லுங்க (நோய் எதிர்ப்பு வெள்ளையணுல ஒரு வகை) நிறம் குடுக்குற மெலனோசைட்ங்கிற செல்ல எதிரின்னு நெனச்சு ஒட்டிக்கிட்டு, பெர்ஃபோரின்ங்கிற புரதத்தால ஓட்டை போட்டு கிரான்சைம்ங்கிற கொல்லுற நொதிய உள்ள விடுது, அந்த நிறச் செல் செத்துரும். அந்த டி செல்லுங்கள்ல கொஞ்சம் ரத்தத்துக்குத் திரும்பாம அங்கேயே குடியிருக்கும், களிம்பு அதுகள அடக்கித்தான் வைக்கும், வெரட்டாது.

எங்க ஆச்சிக்கும் காரைக்குடில இதான், கொட்டான் முடையுறப்ப ஓலை கீறுன விரல்லயே புதுசா வந்துச்சு, அதனால உரசல், கீறல் வேணாம். முடி வேர சுத்தி கடுகு மாதிரி கருப்பு தெரிஞ்சா சந்தோசப்படுங்க, நிறம் அங்கேருந்துதான் திரும்பும். அடங்குனதுக்கப்புறமும் வாரம் ரெண்டு தடவ டாக்ரோலிமஸ்ங்கிற களிம்பு போடலாமான்னு தோல் டாக்டர்ட்ட கேளுங்க. ஒட்டுறதெல்லாம் இல்லண்ணே, தனித் தட்டு வைக்கிறத மொதல்ல நிறுத்துங்க.