ஆர்.வி.யிலேயே படுக்கை இருக்கும்போது, காசு கொடுத்து கேம்ப்கிரவுண்டில் ஏன் தங்க வேண்டும்?

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள சக்கர வீடு. அமெரிக்காவில் அதை இரவு நிறுத்தி, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றோடு இணைத்துக்கொள்ள வாடகைக்குக் கிடைக்கும் இடம்தான் ஆர்.வி. கேம்ப்கிரவுண்ட்.

வண்டிக்குள் இருப்பதெல்லாம் அளவானது. பேட்டரியில் விளக்கு எரியும், ஏ.சி. இரவு முழுக்க ஓடுவது கஷ்டம். கேம்ப்கிரவுண்டில் உள்ள 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் வரை தரும். ஏ.சி. தாராளமாக ஓடும். கூடவே மைக்ரோவேவையும் போட்டால் சில சமயம் டிரிப் ஆகும், அது வேறு கதை.

என்னைக் கேட்டால் பெரிய வரம் கழிவுநீர் இணைப்புதான். தொட்டி நிறைந்த பிறகு கொட்ட இடம் தேடி அலைவது பெரும் தொல்லை. மாடித் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்துக் குளிப்பதற்கும், குழாயில் தண்ணீர் கொட்டும்போது குளிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அப்புறம், பல இடங்களில் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கும்.

எல்லா கேம்ப்கிரவுண்டிலும் மூன்று இணைப்பும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற கேம்ப்கிரவுண்டில் மட்டும்தான் மூன்றும் உண்டு.