விட்டா டிவி வாங்கலாமா? சுங்கை சிப்புட் கடையில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் டிவி பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பிளேஸ்டேஷன் விட்டா டிவியை வைத்த நாளிலிருந்து, பழுதுபார்க்க வருகிறவர்கள் தங்கள் டிவியை மறந்துவிட்டு அதைப் பற்றியே கேட்கிறார்கள். பத்தாண்டுகளாக இதை வைத்திருப்பவன் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, உண்மையிலேயே விளையாட்டுப் பெட்டிதானா? (படிவம் மூன்று படிக்கும் தம்பி)

ஆமாம் தம்பி. சோனியின் கையடக்கக் கருவியான விட்டாவிலிருந்து திரையையும் பொத்தான்களையும் எடுத்துவிட்டு, டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ துளை வைத்தால் எதுவோ அதுதான் இது. நீளம் 10.5 சென்டிமீட்டர், அகலம் 6.5, எடை 110 கிராம், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். ஜப்பானில் 2013 நவம்பர் 14-இல் வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனபோது பெயர் பிளேஸ்டேஷன் டிவி என்று மாறியது. பெயர் எதுவானாலும் பெட்டி ஒன்றுதான்.

விட்டா விளையாட்டு அட்டைகள் என்னிடம் ஏழு இருக்கின்றன. எல்லாம் ஓடுமா? (செம்பனை ஆலையில் வேலை செய்யும் நண்பர்)

ஓடாது. காசு கொடுக்கும் முன் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விட்டாவின் திரையைத் தொடலாம், பின்புறத்தைத் தடவலாம், கருவியையே சாய்க்கலாம், படமும் எடுக்கலாம். இந்தப் பெட்டியில் அவை எதுவும் கிடையாது. விளையாடப் பிடிக்கும் கைப்பிடியின் (கன்ட்ரோலர்) குச்சியை அழுத்தினால் திரையில் ஒரு சுட்டி தோன்றும். தொடுதலுக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும், சாய்ப்பதற்கு ஈடு ஏதுமில்லை. அதனால் எவை ஓடலாம் என்று ஒரு பட்டியல் வைத்து, மற்றவற்றைப் பெட்டியே மறுத்துவிடும். பெர்சோனா 4 கோல்டன் அழகாக ஓடுகிறது. அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ், கிராவிட்டி ரஷ், டியர்அவே மூன்றும் ஓடாது. இன்னும் எத்தனையோ நல்ல விளையாட்டுகள் வெளியே நிற்கின்றன; எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது. உங்கள் ஏழு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

என் பழைய பிஎஸ்பி வட்டுகளைப் போட முடியுமா? (தாமான் அக்கா)

முடியாது அக்கா, வட்டுக்கு இடமே இல்லை. விட்டாவுக்கு முன் வந்த சோனியின் கையடக்கக் கருவிதான் பிஎஸ்பி. அதன் விளையாட்டுகளை இணையக் கடையில் வாங்கி இறக்கினால்தான் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: 2021 அக்டோபரிலிருந்து பெட்டியின் கடையில் கடன் அட்டை செல்லாது. கைப்பேசியிலோ கணினியிலோ உங்கள் கணக்கின் பணப்பையில் முதலில் பணத்தைப் போட்டுவிட்டு, பிறகு பெட்டியில் வாங்க வேண்டும்.

கைப்பேசியின் மெமரி கார்டைச் சொருகலாமா?

கூடாது, சேராது. விட்டாவுக்கென்று தனி மெமரி கார்டு. பெட்டிக்குள் இருப்பதோ 1 ஜிபிதான். கார்டு இல்லாமல் விற்கும் பெட்டி மலிவாகத் தெரியும். பிறகு கார்டு தேடி அலைவீர்கள். இரண்டையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

எங்கள் வீட்டு டிவி பழையது, சிவப்பு மஞ்சள் வெள்ளைத் துளைகள்தான் இருக்கின்றன. (லயத்து வீட்டு மாமா)

இந்தப் பெட்டி எச்டிஎம்ஐ ஒன்றை மட்டுமே அறியும் மாமா. மாற்றிக் கொடுக்கும் கருவிகளை நம்பி வாங்க வேண்டாம். எழுத்தெல்லாம் மங்கிப் படிக்கவே முடியாமல் போகும்.

மகனின் பிளேஸ்டேஷன் 4 கூடத்தில் இருக்கிறது. அறையிலிருந்து இதன் வழியாக விளையாட முடியும் என்கிறானே, உண்மையா தம்பி? (ஓர் அம்மா)

உண்மைதான் அம்மா. ஒரு நிபந்தனை உண்டு: இரண்டையும் லேன் கம்பியால் (இணையக் கம்பி) மோடத்தில் இணையுங்கள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கிறது, படம் தேங்கித் தேங்கி வரும். பிளேஸ்டேஷன் 4-இன் கைப்பிடியே இதற்கும் பொருந்தும். பிளேஸ்டேஷன் 5 வாங்கிவிட்டால் அதோடு இது சேராது.

இடி மின்னலுக்குத் தாங்குமா?

என் முதல் பெட்டி அப்படித்தான் போயிற்று. பிற்பகல் மழைக்கு மின்செருகியைப் பிடுங்கிவிட்டேன், லேன் கம்பியை விட்டுவிட்டேன். மின்னல் மோடம் வழியாக வந்து பெட்டியையும் டிவியின் எச்டிஎம்ஐ துளையையும் ஒன்றாகக் கருக்கிவிட்டது. உற்பத்தியை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகிவிட்டதால் மாற்றுப் பலகையும் கிடைக்கவில்லை. வானம் கறுத்தால் மூன்று கம்பிகளையும் கழற்றுங்கள்: மின்சாரம், லேன், எச்டிஎம்ஐ. ஜப்பானியப் பெட்டி வாங்குகிறவர்கள் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நம் மூன்றுமுனைச் செருகிக்கு ஒரு மாற்றி போதும். இல்லையென்றால் சுவரில் சொருகாமல் என்னிடம் கொண்டு வாருங்கள்.