ஞானம் படிக்க எங்கே போவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இந்திய ஆய்வியலில் பட்டம் முடித்துவிட்டேன். ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய பழைய ஞானவாதக் (Gnostic) கிறிஸ்தவர்களையும் நம் சித்தர்களையும் ஒப்பிட்டு மேற்படிப்பு படிக்க ஆசை. "இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமாம்மா?" என்கிறார் அப்பா. எங்கே படிப்பது?

பதில்: அப்பா கேட்பது நியாயம்தான் தங்கச்சி, இந்தத் துறையில் வேலை குறைவு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1999 முதல் மறைஞான மரபுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். ஆனால் இடத்தைவிட மொழிதான் பெரிய பாடு. 1945இல் எகிப்தின் நாக் ஹமாதி அருகே கிடைத்த ஞானவாத ஏடுகள் கோப்டிக் என்ற பழைய எகிப்திய மொழியில் இருக்கின்றன, அவற்றின் மூலமோ பெரும்பாலும் கிரேக்கம், ஆக இரண்டையும் கற்காமல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இறங்கினால் சித்தர் பாடலை ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் அதன் பரிபாஷை என்ற மறைமொழிக்குப் பொருள் சொல்கிற கதைதான். அப்புறம், இரண்டு பக்கமும் ஞானம் பேசுகிறார்கள் என்பதற்காக இரண்டும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். ஞானவாதிகளில் பலருக்கு உடம்பு ஒரு சிறை, திருமூலருக்கோ அது ஆலயம். நானாக இருந்தால் ஆய்வை அந்த முரணிலிருந்துதான் தொடங்குவேன். கோப்டிக் எழுத்துகளை இப்போதே வீட்டிலிருந்தே பழக ஆரம்பித்துவிடுங்கள்.