விழுந்த கோட்டையும் காகிதப் பட்டறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானில் ஃபுகுயி மாநிலத்தின் மாருஒக்கா கோட்டைக்குப் போயிருந்தோம். 1948 நிலநடுக்கத்தில் அது இடிந்து விழுந்தது, 1955இல் திரும்பக் கட்டினார்கள் என்று அங்கே படித்ததும் மனசு விட்டுப்போயிற்று. புதுக் கட்டடத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? அந்தச் சலிப்பில் மறுநாள் எச்சிசென் காகிதப் பட்டறைக்கும் போகவில்லை. நீங்கள் போனதுண்டா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டுக்கும் போயிருக்கிறேன். பட்டறையை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஒசாகா கோட்டை 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது, உள்ளே லிஃப்ட் உண்டு. மாருஒக்கா அப்படியல்ல. விழுந்து கிடந்த தூண்களையும் உத்தரங்களையும் பொறுக்கியெடுத்து, முடிந்த மட்டும் அவற்றையே பூட்டி நிறுத்தினார்கள். ஜப்பானில் மிஞ்சிய 12 பழைய கோட்டை மாடங்களில் ஒன்றாக அதை இன்றும் எண்ணுவது அதனால்தான். கயிற்றைப் பிடித்து ஏறினீர்களே, அந்தச் செங்குத்துப் படியில்? நான் போன அன்று மழை. கூரையில் இருப்பது மண் ஓடு இல்லை, ஷகுதானி என்ற கல்லைச் செதுக்கிய ஓடு. நனைந்ததும் நீலப்பச்சையாக மாறிவிட்டது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிரித்ததைத் திரும்பப் பூட்டுவது அங்கே வழக்கமான வேலை. எச்சிசெனில் நான் பார்த்த பட்டறையே எடோ காலத்து (17–19ஆம் நூற்றாண்டு) காகிதக்காரர் வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியதுதான். உள்ளே ஓர் அம்மா தண்ணீரில் கைவிட்டு, கோஸோ மரப்பட்டை நாரிலிருந்து கடுகளவு கறுப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. நான் நின்ற அரைமணி நேரமும் அவர் நிமிரவில்லை. ஒரு துணுக்கு தப்பினாலும் காகிதத்தில் புள்ளியாக நின்றுவிடுமே!

அப்புறம் தொட்டி. நார் கரைந்த நீரில் தொரொரோ அஓய் என்ற செடியின் வேர்ப் பசையைக் கலக்கிறார்கள். நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு அது, அதே வழவழப்பு. அந்தப் பசையால் நீர் மெல்ல வடிகிறது. அந்த நீரை அள்ளும் மூங்கில் தட்டியை முன்னும் பின்னும் அசைக்க அசைக்க நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மெல்லிய தாளுக்கும் அவ்வளவு உறுதி வருவது இப்படித்தான்.

அடுத்த முறை முதலில் பட்டறைக்குப் போங்கள், கோட்டை பிறகு. குளிர்காலமாக இருந்தால் நல்லது. சூட்டில் அந்தப் பசை இளகிவிடும் என்பதால் கைக்காகிதத்துக்குப் பழைய நாளிலிருந்தே குளிர்தான் பருவம்.