டர்ன்டேபிளுக்கு எந்த பவர்டு ஸ்பீக்கர்? வாசகர் கேள்விகள்

கேள்வி: ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிளுக்கு விலை குறைவான நல்ல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பகுதி, உள்ளேயே இருப்பது) ஒன்று சொல்லுங்கள்.

எந்த டர்ன்டேபிள்? இந்தக் கேள்வியை அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் மாடல் பெயரை எழுதுவதில்லை, ஆனால் பதில் மட்டும் உடனே வேண்டும். சரி, டர்ன்டேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபோனோ/லைன் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் (ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸில் இருக்கிறது) பிரீஆம்ப் (ஊசி தரும் சன்னமான சிக்னலைக் கூட்டித் தருவது) உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். லைனில் வைத்துவிட்டு, ஆர்சிஏ உள்ளீடு (சிவப்பு, வெள்ளை ஜாக்) உள்ள எந்த பவர்டு ஸ்பீக்கரை வேண்டுமானாலும் வாங்கலாம். சின்ன அறைக்கு எடிஃபையர் ஆர்1280டி போதும். பிரீஆம்ப் இல்லையென்றால் அதைத் தனியாக வாங்க வேண்டும், அல்லது ஃபோனோ உள்ளீடு (பிரீஆம்ப் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும்) உள்ள கிளிப்ஷ் ஆர்-41பிஎம், காண்டோ ஒய்யு6 மாதிரி ஸ்பீக்கராகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: புது ஸ்பீக்கரில் வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் சத்தம் சன்னமாக, தகரத்தில் கேட்பது போல வருகிறது. ஸ்பீக்கர் பழுதா?

பழுது இல்லை. நடுவில் பிரீஆம்ப் இல்லை. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், அதில் எம்எம் (நகரும் காந்தம்) வகை, தருவது சுமார் 5 மில்லிவோல்ட், லைன் உள்ளீடு எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். அது மட்டுமல்ல, ரெக்கார்டை வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1950களிலிருந்து அதற்கு ஆர்ஐஏஏ (அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம்) கணக்குதான். அதைத் திருப்பிச் சரிசெய்வதும் பிரீஆம்பின் வேலையே. மாறாக, சத்தம் கரகரவென்று உடைந்து வந்தால் பெரும்பாலும் இரண்டு பிரீஆம்ப் வரிசையாக வேலை செய்கிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பின்பக்க ஸ்விட்சைப் பாருங்கள்.

கேள்வி: 42 வாட் ஸ்பீக்கரா, 1000 வாட் ஸ்பீக்கரா?

ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். சின்னப் பெட்டியில் நாலு இலக்க வாட் என்றால் அது அட்டைப்பெட்டிக்காக எழுதிய எண். உண்மையான வாட்டே இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சற்றே கூடுதல்.

கேள்வி: டர்ன்டேபிளும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருக்கின்றன. வால்யூம் கூட்டினால் 'ஊம்' என்று முழக்கம் கிளம்புகிறது, சில இடங்களில் ஊசியும் குதிக்கிறது. கார்ட்ரிட்ஜை மாற்றலாமா?

கார்ட்ரிட்ஜை விடுங்கள். பதில் உங்கள் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. விளம்பரப் படங்களில் எல்லாம் அழகான அலமாரி, நடுவில் டர்ன்டேபிள், இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி ஸ்பீக்கர் என்று வைத்து எடுக்கிறார்கள், அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அப்படியே வைக்கிறார்கள், அப்புறம் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஊசியின் வேலையே அதிர்வைப் பிடிப்பது. ரெக்கார்டின் பள்ளத்திலிருந்து வருகிற அதிர்வா, மேசையிலிருந்து வருகிற அதிர்வா என்று அதற்குத் தெரியாது. ஸ்பீக்கர் மேசையை ஆட்டும், மேசை ரெக்கார்டை ஆட்டும், ஊசி அதையும் இசையோடு சேர்த்து அனுப்பும், ஸ்பீக்கர் இன்னும் பலமாக ஆட்டும். இந்தச் சுற்று நிற்காமல் போவதுதான் நீங்கள் கேட்கிற முழக்கம். முழக்கம் கிளம்பாத வால்யூமிலும் பாஸ் கலங்கித்தான் இருக்கும்.

சோதிப்பது சுலபம். தட்டைச் சுழலவிடாமல் நிறுத்தி, ஊசியை ரெக்கார்டின் மேல் வைத்து, வழக்கமாகக் கேட்கும் வால்யூம் வரை மெதுவாகக் கூட்டுங்கள் (முழக்கம் வந்தால் உடனே குறைக்க, கை குமிழிலேயே இருக்கட்டும்). மேசையை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்டால் குற்றவாளி மேசைதான். ஸ்பீக்கரைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள், அல்லது டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகைக்கு ஏற்றுங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் போடும் ஃபோம் பட்டை கொஞ்சம் உதவும், ஆனால் அதை வாங்கிவிட்டு ஒரே மேசையிலேயே தொடரலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஸ்டாண்டுக்கு எடுத்து வையுங்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. விலை குறைந்த ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருந்தால், தவறான இடத்தில் இருக்கும் விலை உயர்ந்ததைவிட நன்றாகவே பாடும்.

கேள்வி: ப்ளூடூத்தில் இணைத்தால் தரம் போகுமா?

கொஞ்சம் போகும், பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் இரண்டு மீட்டர் தூரத்துக்கு எதற்கு ப்ளூடூத்? வயரைப் போடுங்கள்.

கேள்வி: ஸ்டுடியோ மானிட்டர் (ஒலிப்பதிவுக் கூடங்களில் வைக்கும் ஸ்பீக்கர்) வாங்கலாமா?

வாங்கலாம், ஒலி துல்லியமாக இருக்கும். ஆனால் யமஹா எச்எஸ்5 போன்றவற்றில் ஆர்சிஏ உள்ளீடு கிடையாது, பொருத்தமான கேபிள் தேடவேண்டும். வால்யூம் குமிழ் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் தனித்தனியாக இருக்கும், பாட்டுக்குப் பாட்டு எழுந்துபோய் இரண்டையும் திருப்ப வேண்டியதுதான். ஃபோனோ உள்ளீடும் கிடையாது, எனவே மறுபடியும் சொல்கிறேன், டர்ன்டேபிளின் பின்பக்க ஸ்விட்சைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம்.

கிரவுண்டு வயர். டர்ன்டேபிளிலிருந்து வரும் அந்த மெல்லிய தனி வயரைப் பிரீஆம்பின் திருகில் மாட்டினீர்களா? மாட்டியும் வந்தால், ஆர்சிஏ கேபிளைப் பவர் அடாப்டரிடமிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரு பவர் கார்டுதான் வந்திருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. ஆம்ப் ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது, மற்றதற்கு அதிலிருந்து ஸ்பீக்கர் வயர் போகும். பிளஸ், மைனஸ் மாறாமல் மாட்டுங்கள், மாறினால் பாஸ் காணாமல் போகும்.